கூடும் செயலும் கூடாத உணர்வும்: ‘இட் டேக்ஸ் டூ’ ஆட்டமும் அனைத்துணர்வுக் கொள்கையும்

முன்னுரை

சுவீடனின் ஹேஸ்லைட் நிறுவனம் உருவாக்கி, யோசெஃப் ஃபாரெஸ் இயக்கிய ‘இட் டேக்ஸ் டூ’ (2021), இருவர் சேர்ந்தே ஆட வேண்டிய புதிர்ச் சாகச ஆட்டம். தனித்து ஆடும் வழி அதில் இல்லை. மணமுறிவுக்கு முடிவுசெய்த மே, கோடி இணையர், மகள் ரோஸின் கண்ணீரால் சிறு பொம்மைகளாக மாறுகின்றனர். அவர்கள் எதிர்கொள்ளும் வீட்டுப் பொருள்கள் பேசுகின்றன. ஆகவே, பான்சைக்கிசம் எனப்படும் அனைத்துணர்வுக் கொள்கையின் கலைவடிவமாக இவ்வாட்டத்தைக் கொள்ளத் தோன்றும். ஆயின், அக்கொள்கையோடு ஆட்டத்திற்குள்ள உறவு பேசும் பொருள்களில் அன்று, இருவர் ஆடும் முறையிலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

பேசும் பொருள்கள்

கொட்டகையில் கைவிடப்பட்ட தூசு உறிஞ்சி, தன்னைப் பழுதுபார்க்காத இணையரைப் பழிவாங்க முனைகிறது. கருவிப்பெட்டியும் புறக்கணிப்புக்காகச் சினம் கொள்கிறது. இவை மனிதக் குறைகளை மனிதக் குரலில் முறையிடும் பாத்திரங்கள். அனைத்துணர்வுக் கொள்கை கூறுவது வேறு. பிலிப் காஃப் முதலிய இக்கால மெய்யியலாளர், பருப்பொருளின் அடிப்படைக் கூறுகளுக்கு மிக எளிய அனுபவம் உண்டு என்பர். அக்கூறுகளாலான நாற்காலிக்கும் தனி மனம் உண்டெனக் கூற வேண்டிய கட்டாயம் அவர்க்கு இல்லை. எனவே ஆட்டத்தில் காண்பது மனிதப்பண்பேற்றமே.

இணைவுச் சிக்கல்

சிற்றுணர்வுகள் கூடி ஒரே உணர்வாவது எவ்வாறு என்பதே அக்கொள்கை எதிர்கொள்ளும் கடினமான வினா. வில்லியம் ஜேம்ஸ் 1890இல் இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார்: பன்னிரு சொற்கள் கொண்ட ஒரு தொடரைப் பன்னிருவருக்கு ஆளுக்கொரு சொல்லாகப் பகிர்ந்தளித்தால், முழுத்தொடரை உணரும் மனம் எங்கும் தோன்றாது. ஆட்டத்தின் புதிர்களும் இவ்வாறே பகிரப்பட்டவை. கோடிக்கு ஆணிகள், மேக்குச் சுத்தியல் தலை. கோடி எறிந்து பதித்த ஆணியில் சுத்தியலை மாட்டி மே ஊசலாடிக் கடக்கிறாள். கடத்தல் என்னும் செயல் ஒன்று. அதன் அனுபவங்கள் இரண்டு. திரையும் பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்தே நிற்கிறது. ஜேம்ஸின் பன்னிருவரைப் போலன்றி ஆட்டக்காரர் தம்முள் உரையாடுகின்றனர். அதனால் முழுத்தீர்வையும் அறிகின்றனர். எனினும் அவ்வறிவும் ஒவ்வொருவரிடத்தும் தனித்தனியாகவே அமைகிறது.

யானைப் பொம்மை

இவ்வேறுபாடு அறச்சிக்கலாக மாறுவது ரோஸின் அறையில். மகள் அழுதால் மீண்டும் மனிதராகலாம் என நம்பும் பெற்றோர், அவளுக்கு மிகவும் விருப்பமான யானைப் பொம்மையை அழிக்கத் துணிகின்றனர். அது கெஞ்சுகிறது, இருவரும் அதனை இழுத்துச் சென்று தள்ளிவிடுகின்றனர். ரோஸ் அழுகிறாள், மாயம் நீங்கவில்லை. பொருளுக்குக் குரல் தந்த ஆட்டம், அக்குரலைக் கேட்டும் கேளாதிருக்க ஆட்டக்காரரைப் பணிக்கிறது. ஆணையை மறுக்கும் வழியை வைக்கவில்லை. சேர்ந்து செய்ததாலேயே, ‘நான் மட்டுமா செய்தேன்?’ என ஒவ்வொருவரும் நழுவ இடமுண்டாகிறது. கூட்டுச்செயலைத் தாங்கும் கூட்டுமனம் ஒன்று இருப்பின் பழியை அதன்மேல் ஏற்றலாம். அத்தகைய மனம் இங்கு இல்லை. ஆதலின் பழி பாதியாகக் குறையாது. இருவர்க்கும் முழுமையாகவே உரியதாகிறது. இக்காட்சியை நகைச்சுவையாக்கி விரைந்து கடப்பது ஆட்டத்தின் குறையாகும். ஒத்துழைப்பே உறவை மீட்கும் என்னும் தன் மையக்கருத்தை அது சோதித்திருக்க வேண்டிய இடம் இதுவே.

முடிவுரை

‘இட் டேக்ஸ் டூ’ அனைத்துணர்வுக் கொள்கையை மெய்ப்பிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. செயல்கள் எளிதில் கூடும், உணர்வுகள் அவ்வாறு கூடுவதில்லை என்பதை ஆடுவோர் கைவழியே உணர்த்துகிறது. கூட்டாட்டங்களை ஆராய்வோர், ஒத்துழைப்பை இயல்பாகவே நற்பண்பெனக் கொள்ளாது, எதன்பொருட்டு ஒத்துழைக்கின்றனர் என்பதையும் வினவுதல் வேண்டும்.