கூட்டுப் படைப்பும் படிமுறை வாய்ப்பாடும்

மாணவர் குழுவாகக் கூடித் தயாரித்த அசைவூட்டப் படமொன்றைப் பார்க்கும்போது, படத்தைவிட அதன் இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலே சிலவேளை அதிகம் பேசுகிறது. ‘கருவும் நெறியாள்கையும்’ என்பதற்கு நேரே ஒரேயொரு பெயர். ‘இடைச்சித்திரமும் வண்ணமும்’ என்பதற்கு நேரே ஏழெட்டுப் பெயர்கள். பொறுப்பாசிரியரைக் கேட்டால், வடிவமைப்புப் படிமுறைகள் யாவும் ஒழுங்காகப் பின்பற்றப்பட்டன என்பார். அவர் கூறுவது பொய்யன்று. படிமுறைகள் பின்பற்றப்பட்டன, ஆனால் ஒவ்வொரு படியிலும் நின்றவர்கள் வெவ்வேறு ஆட்கள்.

அப்படிமுறைகள் எவை? பயன்கொள்வோரின் நிலையை உணர்தல், பிரச்சினையை வரையறுத்தல், எண்ணங்களைப் பெருக்குதல், மாதிரி செய்தல், சோதித்தல் என ஐந்தாகக் கூறுவர். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக வடிவமைப்புப் பள்ளி வழியாக இந்த நூற்றாண்டில் உலகெங்கும் பரவிய வாய்ப்பாடு இது. இதன் வேர் இன்னும் பழையது. 1962இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வடிவமைப்பு முறைகள் பற்றிய மாநாடொன்று நடந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின் பின் சிக்கலாகிப்போன பொறிகளையும் கட்டடங்களையும் நகரங்களையும் தனியொருவனின் உள்ளுணர்வை மட்டும் நம்பித் திட்டமிட முடியாது என்ற உணர்வு அக்காலத்தில் வலுத்திருந்தது. நியாயமான உணர்வே. ஆயினும், அவ்வியக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராக எண்ணப்பட்ட கிறிஸ்தோபர் அலெக்சாண்டர், 1971இல் தமது நூலின் மறுபதிப்புக்கு எழுதிய முன்னுரையிலேயே, ‘முறையியல்’ என்று தனியாக ஒரு துறை நடத்துவதை நிராகரித்துவிட்டார் என்பது மனங்கொள்ளத்தக்கது. தந்தையே கைவிட்ட பிள்ளையை நாம் வகுப்பறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

அப்படியாயின் படிமுறைகளைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. அசைவூட்டக் கலையில் அவற்றுக்கு உறுதியான பொருளியல் அடிப்படை உண்டு. திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள். ஒரு நிமிடத்துக்கு 1,440. ஒவ்வொரு சித்திரத்தையும் இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினாலும் நிமிடமொன்றுக்கு 720 சித்திரங்கள் வேண்டும். மூன்று நிமிடப் படத்தின் பாதிச் சித்திரங்களை வரைந்து முடித்தபின் கதையில் ஓட்டை இருப்பதைக் கண்டால், ஆயிரத்துக்கு மேற்பட்ட தாள்கள் குப்பைக்குப் போகும். கணினி வந்தபின் தாள் மிஞ்சலாம், உழைப்பு மிஞ்சுவதில்லை. இந்தக் காரணத்தாலேயே 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி நிறுவனத்தில், காட்சிகளைச் சிறு படங்களாக வரைந்து பலகையில் ஊசியாற் குத்தி வைத்துக் கதையைப் பார்க்கும் வழக்கம் உருவாயிற்று. கதைப்பலகையில் ஒரு காட்சியை மாற்ற ஓர் ஊசியைப் பிடுங்கினாற் போதும். வண்ணம் தீட்டியபின் மாற்ற முயன்றால் குழுவே உடைந்துபோகும். திரும்பிச் செல்வது மலிவாக இருக்கும்போதே திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற தேவைதான் இங்கே படிமுறையின் உயிர்.

இதை விளக்காமற் படிகளின் பெயர்களை மட்டும் மனனஞ் செய்விப்பதால் வரும் வேடிக்கையை நானே கண்டிருக்கிறேன். படம் முடிந்துவிட்டது, கோப்பிலே கதைப்பலகை இல்லை, புள்ளி குறையும். ஆகவே முடிந்த படத்தைப் பார்த்துப் பார்த்து மாணவர் கதைப்பலகை வரைந்துகொண்டிருந்தனர்!

டிஸ்னி நிறுவனத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1937இல் வெளிவந்த ‘ஸ்னோ வைற்’ படத்தின் ஆயிரமாயிரம் தகடுகளில் மைக்கோடு இழுத்து வண்ணம் தீட்டியவர்கள் பெண்கள். திரையில் அவர்களின் பெயர் இல்லை. படிகள் அங்கே ஆட்களின் தரவரிசையாக மாறியிருந்தன. சிந்திப்பவன் மேலே, நிரப்புபவள் கீழே. 1941 மே மாதத்தில் அந்நிறுவனத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, தொழிற்சங்க உரிமையோடும் ஊதியத்தோடும், செய்த வேலைக்குத் திரையிற் பெயரில்லை என்ற மனக்குறையும் சேர்ந்திருந்தது. அங்கிருந்து வெளியேறிய சிலர் யு.பி.ஏ. என்ற நிறுவனத்தை உருவாக்கினர். 1950இல் அவர்கள் வெளியிட்ட ‘ஜெரால்ட் மக்போயிங் போயிங்’ ஒஸ்கார் பரிசு பெற்றது. குறைந்த கோடும் தட்டையான வண்ணமும் கொண்ட அதன் பாணி, சித்திரம் எப்படி இருக்கவேண்டும் என்ற கேள்வியையே மீண்டும் திறந்துவிட்டது. யு.பி.ஏ.யைப் பொன்னுலகாகக் காட்டுவது என் நோக்கமன்று. கம்யூனிஸ்ட் வேட்டையின் அச்சத்தில், 1952இல் அது தன் சிறந்த கலைஞர்களுள் ஒருவரான ஜோன் ஹப்லியை வெளியேற்றியது.

தொழிற்சாலைக்குத் திரையிடும் திகதி உண்டு. முதலீட்டுக்கு வட்டி உண்டு. அதன் உழைப்புப் பிரிவினையைப் பாடசாலை ஏன் இரவல் வாங்க வேண்டும்? ‘எல்லாருக்கும் வரைய வராதே’ என்பது வழக்கமான மறுமொழி. வரைய வராது என்பது பெரும்பாலும் தேர்ந்துகொண்ட உத்தியின் குற்றம். கனடாவின் நோர்மன் மக்லாரன் 1949இல் யுனெஸ்கோ சார்பிற் சீனாவுக்குச் சென்று, கிராமச் சுகாதாரக் கல்விக்கென உள்ளூர்க் கலைஞருக்குச் செலவு குறைந்த எளிய அசைவூட்ட முறைகளைக் கற்பித்தார். கமராவே இன்றிப் படச்சுருளில் நேரே வரைந்து படமெடுத்தவர் அவர். அமெரிக்காவில் இவோன் அன்டர்சன் 1963இல் தொடங்கிய ‘யெலோ போல்’ பட்டறையிற் சிறுவர்களே உருவங்களைச் செய்து, அசைத்து, தாமே படம்பிடித்தனர். வெட்டிய கடதாசியோ களிமண்ணோ போதுமென்று முடிவு செய்தால், கருவிலிருந்து கடைசிச் சட்டம் வரை ஒவ்வொரு மாணவனும் கைவைக்கலாம். படம் மூன்று நிமிடத்திலிருந்து முப்பது விநாடியாகச் சுருங்கும். சுருங்கட்டும்.

‘சோதித்தல்’ என்ற கடைசிப் படியில் எனக்கு இன்னுமோர் ஐயம். நாற்காலி செய்பவன் உட்காருபவனைக் கேட்கலாம். டெங்கு ஒழிப்புப் படம் எடுக்கும் மாணவர் அதை அயலவருக்குக் காட்டி, ‘என்ன செய்யச் சொல்கிறது?’ என்று விசாரிக்கலாம், விசாரிக்கவும் வேண்டும். இறந்துபோன தன் பாட்டியைப் பற்றி ஒரு மாணவி படமெடுத்தால்? ‘உங்களுக்குப் பிடித்ததா?’ என்று கேட்டுத் திருத்தத் தொடங்கிய கணமே பார்வையாளன் வாடிக்கையாளனாகிவிடுகிறான். அவனுக்குப் பிடிக்காத துயரம் வெட்டி எறியப்படுகிறது. ‘என்ன கண்டீர்கள், எந்த இடத்தில் வழி தவறினீர்கள்?’ என்று கேட்பது வேறு. அதன் விடையைக் கொண்டு அவள் தன் கருத்தைத் துலக்கலாம், விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கூட்டு வேலைக்குப் புள்ளியிடும் ஆசிரியர்கள் முடிந்த படத்தோடு நின்றுவிடாமல், கழித்துவிட்ட தாள்களையும் கோப்பிற் கேட்டு வாங்கவேண்டும். குழுவின் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, மற்றவர் வேலையில் நீ எதை மாற்றச் சொன்னாய், ஏன், என்று வினவ வேண்டும். அண்மையில் ஒரு மாணவியிடம் நான் அப்படிக் கேட்டேன். ஒரு கிழவன் கதவைத் திறக்காமலே திரும்பிச் செல்லும் காட்சிக்கு அவள் நானூறு இடைச்சித்திரங்கள் வரைந்திருந்தாள். கோடுகள் அத்தனை நேர்த்தி. கிழவன் ஏன் திரும்பிப் போகிறான் என்றேன். சிறிது நேரம் தாள்களைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: ‘எனக்கு முதற் சித்திரமும் கடைசிச் சித்திரமுந்தான் தந்தவை, சேர். கதை அவையளுக்குத்தான் தெரியும்.’