டிசம்பர் 11: கச்சேரி வரிசையில் பாரதியின் இடம்

டிசம்பர் 11 என்னும் நாள் இந்திய இசை வரலாற்றில் ஒரு பிறப்பையும் இரண்டு மறைவுகளையும் தாங்கி நிற்கிறது. 1882ல் எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதி பிறந்ததும், 2004ல் சென்னையில் எம்.எஸ். சுப்புலட்சுமி தமது 88ஆம் வயதில் காலமானதும், 2012ல் கலிபோர்னியாவின் சான் டியாகோ பகுதியில் சிதார் மேதை பண்டிட் ரவிசங்கர் 92ஆம் வயதில் காலமானதும் இந்த ஒரே தேதியில்தான். பிரான்சின் இசைப் படைப்பாளர் எக்தோர் பெர்லியோஸ் 1803ல் பிறந்ததும், அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் சாம் குக் 1964ல் சுட்டுக் கொல்லப்பட்டதும் இதே நாளில் நிகழ்ந்தவை. விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டும் வாசகருக்கு, 1969ல் மயிலாடுதுறையில் விசுவநாதன் ஆனந்த் பிறந்த நாளும் இதுவே என்பது கூடுதல் செய்தி.

இத்தகைய ஒற்றுமைகளில் தெய்வச் செயலைத் தேட வேண்டியதில்லை. ஆண்டில் இருப்பவை 366 தேதிகளே என்பதாலும், உலகம் நினைவில் வைத்திருக்கும் கலைஞர்கள் பல்லாயிரவர் என்பதாலும், எந்தத் தேதியை எடுத்தாலும் சில பெரிய பெயர்கள் வந்து சேரவே செய்யும். எனினும் பாரதி, எம்.எஸ்., ரவிசங்கர் ஆகிய மூவரையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, தேதியைக் காட்டிலும் ஆழமான ஓர் உறவு புலப்படுகிறது. ஒரு நிகழ்ச்சியில் எந்த உருப்படியை (உருப்படி என்பது கச்சேரியில் இசைக்கப்படும் தனித்தனிப் பாடல் அல்லது இசைப்பகுதி) எந்த இடத்தில் வைப்பது என்னும் கேள்விக்கு மூவரும் தத்தம் வழியில் விடை தந்தவர்கள். அந்த விடைகளில் பாரதியினுடையது மட்டும் இன்றுவரை மேடையில் முழுமையாக நிறைவேறவில்லை என்பதே இந்த அலசலின் கருத்து.

தேதியைக் கணக்கிடும் முறையே இசை உலகில் ஒன்றாக இல்லை. தியாகராஜர் 1847 ஜனவரி 6ல் மறைந்தார். ஆனால் திருவையாற்று ஆராதனை அந்த ஆங்கிலத் தேதியில் நடைபெறாமல், பிறைக்கணக்கான திதியைப் பின்பற்றி, புஷ்ய பகுள பஞ்சமியில் நடைபெறுவதால் ஆண்டுதோறும் நாள் மாறுகிறது. ஜனவரி 6 என்றால் இன்றைய இளைஞருக்கு நினைவுக்கு வருவது 1967ல் பிறந்த ஏ.ஆர். ரகுமானே. இளையராஜாவோ, ஜூன் 3 மு. கருணாநிதியின் பிறந்தநாள் என்பதால், அதை அவருக்கே விட்டுக்கொடுத்துத் தமது பிறந்தநாளை ஜூன் 2ல் கொண்டாடி வருகிறார். ரவிசங்கர் மறைந்தது அமெரிக்க மேற்குக் கரையில் 11ஆம் தேதி மாலை. அப்போது இந்தியாவில் 12ஆம் தேதி விடிந்துவிட்டது.

தேதியே இல்லாத கலைஞர்களும் உண்டு, அவர்களுள் ஒருவர் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரைக்கு உரியவர். மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால், இடிந்த ஆலம்பரைக் கோட்டையைத் தன் எல்லையில் கொண்ட கடப்பாக்கம் வருகிறது. அது அடங்கிய பேரூராட்சியின் பெயர் இடைக்கழிநாடு. கழி என்பது கடல்நீர் உள்ளே புகுந்து தேங்கும் உப்பங்கழி. கடலுக்கும் கழிக்கும் இடையே நீண்டு கிடக்கும் நிலப்பகுதி இது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என்றே அறியப்படுகிறார். ஆற்றுப்படை என்பது, ஒரு வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையில் வாடும் இன்னொரு கலைஞரை அதே வள்ளலிடம் வழிகாட்டி அனுப்புவதாக அமைந்த இலக்கிய வகை. 269 அடிகள் கொண்ட இந்நூலில் வழி கேட்டு நிற்பவர், சீறியாழ் எனப்பட்ட சிறிய யாழை இசைத்துப் பிழைக்கும் சிறுபாணர். வழிகாட்டப்படுவது ஓய்மாநாட்டு நல்லியக்கோடனை நோக்கி. இசைக்கலைஞரின் பசியையும், பயணத்தையும், அவர் பெறும் விருந்தையும் இவ்வளவு நெருக்கமாகப் பதிவு செய்த இந்தப் புலவருக்குப் பிறந்தநாளும் இல்லை, நினைவுநாளும் இல்லை. ஆயினும் அவர் நிலைத்திருக்கிறார். நிலைக்கச் செய்தது பாட்டே.

பாரதிக்குத் தேதி உண்டு, விழாக்களும் உண்டு. 2022 முதல் இந்திய ஒன்றிய அரசு டிசம்பர் 11ஐ இந்திய மொழிகள் நாளாகவும் கடைப்பிடிக்கிறது. பள்ளிகளில் முண்டாசும் மீசையுமாகக் குழந்தைகள் மேடையேறுகின்றனர். இவை வேண்டியவையே. ஆனால் பாரதியை வேடமாகவும் முழக்கமாகவும் மட்டும் கொண்டாடும் பழக்கத்தில், அவர் இசையறிந்த பாடலாசிரியர் என்னும் உண்மை பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அவர் தம் பாடல்கள் பலவற்றுக்கு ராகத்தையும் தாளத்தையும் தாமே குறித்தார். தாமே பாடியும் காட்டினார். 'சங்கீத விஷயம்' என்னும் கட்டுரையில், வித்துவான்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சில பாடல்களையே ஊர்தோறும் திரும்பத் திரும்பப் பாடுவதையும், கேட்போருக்குப் பொருள் விளங்காமல் போவதையும், பாட்டில் உணர்ச்சி வேறுபாடுகள் மங்கிப் போவதையும் அவர் கடுமையாகவே கண்டித்தார். இசையைக் குறை கூறுவது அவர் நோக்கம் அன்று. மேடையில் எது பாடப்படுகிறது என்னும் தேர்வையே அவர் கேள்விக்கு உட்படுத்தினார்.

இதை ஒரே ஒரு பாடலைக் கொண்டு நெருங்கிப் பார்க்கலாம். கண்ணன் பாட்டுத் தொகுதியில் உள்ள 'கண்ணம்மா - என் குழந்தை' என்னும் பாடலின் தலைப்பில் பைரவி ராகம், ரூபக தாளம் என்ற குறிப்பும், அதனுடன் சுரக்குறிப்பும் அச்சிடப்பட்டிருக்கின்றன. பைரவி கர்நாடக இசையின் கனமான ராகங்களுள் ஒன்று. இருவகைத் தைவதங்களும் ('த' என்னும் சுரத்தின் இரு நிலைகளும்) அதில் பயில்வதாலும், நீண்ட கமகங்களுக்கு (சுரத்தை அசைத்தும் இழைத்தும் பாடும் முறைக்கு) அது இடம் தருவதாலும், ஒரு கச்சேரியின் நடுநாயகமாக வைத்து விரித்துப் பாடத் தக்கது. ஆனால் இன்று மேடைகளில் இப்பாடல் ஒலிப்பது பெரும்பாலும் காபியில் தொடங்கும் ராகமாலிகையாக, அதாவது ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு ராகத்தில் அமையும் மெட்டில். 1951ல் வெளிவந்த 'மணமகள்' திரைப்படத்திற்காக சி.ஆர். சுப்புராமன் இசையமைக்க, எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடிய அந்த வடிவம் அத்தனை இனிமையானது. திரையிலிருந்து சபாவுக்குள் நுழைந்து நிலைத்துவிட்டது. அந்த மெட்டைக் குறை சொல்வது நன்றி கொன்ற செயலாகும். ஆயினும் ஒரு வெற்றியின் விலையாக ஆசிரியரே குறித்த பைரவி மறக்கப்பட்டதும், பாடல் கச்சேரியின் வால்பகுதிக்கு உரியதாகிவிட்டதும் எண்ணிப் பார்க்க வேண்டியவை.

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய கச்சேரி முறையில் முதலில் வர்ணமும், பிறகு விறுவிறுப்பான சில கீர்த்தனைகளும், நடுவே ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம், தனி ஆவர்த்தனம் ஆகிய அனைத்தும் கொண்ட முதன்மை உருப்படியும், அதன் பின்னர்ச் சிறு பாடல்களான துக்கடாக்களும் இடம்பெறும். ஆலாபனை என்பது சொற்களின்றி ராகத்தின் வடிவைப் படிப்படியாக எழுப்புவது. நிரவல் என்பது பாடலின் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு தாளம் பிசகாமல் பலவாறு விரித்துப் பாடுவது. தனி ஆவர்த்தனம் என்பது மிருதங்கம் முதலிய தாளக் கருவிகளுக்கு உரிய தனிப்பகுதி. இவ்வரிசையில் பாரதிக்குக் கிடைப்பது பெரும்பாலும் தனி ஆவர்த்தனம் முடிந்து, ரசிகர்களில் ஒரு பகுதியினர் சிற்றுண்டிச் சாலைக்கும் வாகனத்துக்கும் கிளம்பும் நேரம். நூறு அடிக்கும் திறமுள்ள மட்டையாளரை எப்போதும் எட்டாவது இடத்திலேயே இறக்கி, அவர் நீண்ட நேரம் ஆடியதில்லை என்று முடிவு கட்டுவதற்கு ஒப்பானது இது.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அது புறந்தள்ளத் தக்கதன்று. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை அமைப்பில் விரிவான சங்கதிகளுக்கு (ஒரே வரியைப் படிப்படியாக மெருகேற்றிப் பாடும் வேறுபாடுகளுக்கு) இடம் உண்டு. பாரதியின் பாடல்கள் பலவும் கண்ணி கண்ணியாக நீள்பவை. எனவே முதன்மை உருப்படியின் சுமையை அவை தாங்கா என்பர். ஆனால் நிரவலுக்கு வேண்டியது பொருளாழமும் ஓசைக்கட்டும் உள்ள ஒரே ஒரு வரிதான். அத்தகைய வரிகளுக்குப் பாரதியிடம் பஞ்சமே இல்லை. பல்லவியும் சரணங்களும் கொண்ட பாடல்களையும் அவர் எழுதியிருக்கிறார். பாபநாசம் சிவனின் தமிழ்ப் பாடல்கள் முதன்மை இடத்தில் பாடப்பட்டு நிலைபெற்றிருக்கும்போது, மொழியைத் தடையாகக் காட்டவும் வழியில்லை. குறை பாட்டில் இல்லை, பயிற்சியில்தான் இருக்கிறது.

பாரதியைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர்களுள் டி.கே. பட்டம்மாள் முதன்மையானவர். 1947ல் 'நாம் இருவர்' திரைப்படத்தில் பாரதி பாடல்களைப் பாடிய அவர், அதே ஆண்டு சுதந்திரம் பிறந்த நள்ளிரவில் வானொலியிலும் பாரதியையே பாடினார். கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு இடம் கோரிய 1940களின் தமிழிசை இயக்கத்தில் எழுத்தாளர் கல்கி, டி. சதாசிவம் ஆகியோருடன் எம்.எஸ். சுப்புலட்சுமியும் நின்றார்.

எம்.எஸ்ஸின் மேடைத்திறனில் குரலின் இனிமையைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. அதற்குச் சமமாகப் பேசப்பட வேண்டியது அவரது முன்தயாரிப்பு. சமஸ்கிருதம், தெலுங்கு, இந்தி என எந்த மொழியில் பாடினாலும், உச்சரிப்பை அறிந்தவரிடம் கேட்டுத் திருத்திக்கொண்ட பிறகே அவர் மேடைக்குக் கொண்டு சென்றார். 1966 அக்டோபர் 23ல் ஐக்கிய நாடுகள் அவையில் அவர் பாடிய நிகழ்ச்சி இவ்வகையில் பாடமாகத் தக்கது. மொழியறியாத அவையினருக்காகக் கர்நாடக இசையை நீர்க்கச் செய்யாமல் உரிய உருப்படிகளைப் பாடிய அவர், ராஜாஜி ஆங்கிலத்தில் எழுதிய பிரார்த்தனையையும், காஞ்சிப் பெரியவர் சமஸ்கிருதத்தில் இயற்றிய உலக நட்புப் பாடலையும் அந்நிகழ்ச்சிக்கென்றே சேர்த்துக்கொண்டார். இன்றும் நினைவுகூரப்படுபவை அவ்விரண்டுமே. சிறிய பாடல் என்பதாலேயே ஒரு பாடல் எளியதாகிவிடுவதில்லை. எண்ணித் தேர்ந்து வைக்கப்பட்ட பாடலுக்கும், நேரத்தை நிரப்ப வைக்கப்பட்ட பாடலுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த நிகழ்ச்சி காட்டுகிறது. 1968ல் சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற முதல் பெண்மணியும், 1998ல் பாரத ரத்னா பெற்ற முதல் இசைக்கலைஞரும் அவரே. 1997ல் கணவர் சதாசிவம் மறைந்தபின் அவர் மேடையேறுவதை நிறுத்திக்கொண்டார்.

ரவிசங்கரின் விடை வேறு வகையானது. கீரவாணி, சாருகேசி, வாசஸ்பதி, சிம்மேந்திர மத்யமம் முதலிய தென்னக ராகங்களை அவர் இந்துஸ்தானி மேடைக்கு எடுத்துச் சென்றபோது, கடைசியில் பத்து நிமிடம் இசைக்கும் புதுமைப் பண்டமாக அவற்றை வைக்கவில்லை. ஆலாப், ஜோட், ஜாலா என்று மெதுவாகத் தொடங்கி வேகம் பெருகும் முழு வரிசைக்கும் உரியவையாக வைத்தார். அந்த இடத்தில் வைத்த பிறகே அவை வடக்கில் பெரிய ராகங்களாக மதிக்கப்பட்டன. தென்னகத் தாளக் கணக்குகளைத் தமது வாசிப்பில் சேர்த்ததும், தபலாவுக்குத் தனியே வாசிக்க இடம் அளித்ததும் இதே மனப்போக்கின் விளைவுகள். 1971 ஆகஸ்ட் 1ல் நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக நடந்த நிகழ்ச்சியில், அவர் குழு சுருதி சேர்த்ததையே வாசிப்பு என்று கருதிக் கூட்டம் கைதட்டியது. அத்தகைய அவையின் முன்னும் அவர் இசையைச் சுருக்கிக்கொள்ளவில்லை.  2012 நவம்பர் 4ல் லாங் பீச் நகரில், மூச்சுக்குக் கருவியின் துணை தேவைப்பட்ட நிலையில், மகள் அனோஷ்காவுடன் அமர்ந்து அவர் வாசித்ததே கடைசி மேடை.

வாசஸ்பதிக்கு வடக்கில் கிடைத்த இடம் பாரதிக்குத் தெற்கில் கிடைக்கக் கூடாதா என்று கேட்பது மிகையாகாது. உரிமைத் தடை ஏதும் இல்லை. பாரதி பாடல்களை இசைத்தட்டுக்கும் திரைக்கும் பயன்படுத்தும் உரிமை ஒரு காலத்தில் தனியாரிடம் இருந்தது. கடப்பாக்கத்துக்குத் தென்மேற்கே, திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாண முதல்வராக இருந்த 1949ல், பாரதியின் எழுத்துகளை நாட்டுடைமையாக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. எழுத்தாளர் ஒருவரின் ஆக்கங்களை அரசே பெற்று மக்களுக்கு வழங்கிய அரிய நிகழ்வு அது. எவரும் பாடலாம், எவரும் மெட்டமைக்கலாம், எவரும் விரிக்கலாம்.

வரும் டிசம்பர் 11ல் சென்னைச் சபாக்களில் பருவக் கச்சேரிகள் தொடங்கியிருக்கும். அன்று மேடையேறும் வித்துவான்களுள் ஒருவரேனும் பாரதியின் ஒரு பாடலை, அவர் குறித்த ராகத்திலேயே, ஆலாபனையும் நிரவலும் சுரமும் சேர்த்து, தனி ஆவர்த்தனத்துக்கு முன் முதன்மை உருப்படியாகப் பாட வேண்டும். சபா நிர்வாகிகள் அதைக் கேட்டுப் பெற வேண்டும். இடைக்கழிநாட்டை உள்ளடக்கிய செய்யூர் வட்டத்துப் பள்ளிகளிலும், ஊர் மன்றங்களிலும் அன்று நடைபெறும் பாரதி விழாக்களில், நத்தத்தனாரின் பெயரும் ஒருமுறை சொல்லப்பட வேண்டும்.