பிழை செய்யும் உரிமை

1

ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பொதுக்கதை ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த மாணவி, தான் தங்கியிருக்கும் வீட்டின் சாப்பாட்டு மேசையில் எதையோ கொட்டிவிடுகிறாள். 'சங்கடமாக இருக்கிறது' என்று சொல்ல நினைத்து, ஆங்கிலச் சொல்லின் சாயலில் இருக்கும் 'எம்பராசாதா' என்ற சொல்லை எடுத்து விடுகிறாள். அதற்கு அர்த்தம் 'கர்ப்பமாக இருக்கிறேன்'. வீட்டு அம்மா வாயைப் பொத்திக்கொள்கிறார். மேசையே சிரிக்கிறது. விஷயம் புரிந்ததும் அவளும் சிரிக்கிறாள். ஊருக்குத் திரும்பிய பிறகு ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருக்க ஒரு கதை கிடைத்துவிட்டது.

அமெரிக்க, ஐரோப்பியக் கல்லூரி மாணவர்களிடம் இந்தக் கோடைக்கால மொழிப் பயணம் ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. ஆறு வாரம் அல்லது எட்டு வாரம். ஸ்பெயினில் சலமான்கா, கிரானடா, மெக்சிகோவில் குவெர்னவாகா, குவாத்தமாலாவில் ஆன்டிகுவா. காலையில் வகுப்பு, மதியம் ஊர் சுற்றல், இரவு உள்ளூர்க் குடும்பத்தோடு சாப்பாடு. இதைப் பற்றிய கதைகளுக்கும் ஓர் அச்சு இருக்கிறது. முதல் வாரம் வாய் திறக்க பயம், மூன்றாவது வாரம் ஓர் அசட்டுத் தவறு, ஐந்தாவது வாரம் ஒரு காதல், கடைசி வாரம் கனவே ஸ்பானிஷில் வருகிறது. விமானம் ஏறும்போது ஆள் மாறிவிட்டான்.

நான் அப்படி எங்கும் போனதில்லை. என் ஸ்பானிஷ், அறையில் உட்கார்ந்து படித்த அரைகுறை. ஆனால் இந்த அச்சில் வந்த கதைகளையும் படங்களையும் தேடித்தேடிப் பார்த்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தக் கதைகளில் தவறாகப் பேசுகிறவன் எதையும் இழப்பதே இல்லையே, ஏன்? மொழியில் தப்பு செய்தும் ஒன்றும் ஆகாமல் தப்பித்துப் போகிற சலுகையை அவனுக்கு யார் கொடுத்தது?

இதற்கு விடை தேட மூன்று படைப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன். ஒரு படம், ஒரு நாவல், ஒரு வாக்குமூலம். மூன்றிலும் யாரோ ஒருவர் ஸ்பானிஷ் கற்றுக்கொள்கிறார்.

2

செட்ரிக் கிளாபிஷ் இயக்கி 2002இல் வந்த பிரெஞ்சுப் படம் 'லோபெர்ஜ் எஸ்பான்யோல்'. பாரிஸ் மாணவன் சேவியேவிடம் அப்பாவின் நண்பரான அதிகாரி ஒருவர், ஸ்பானிஷ் படித்துவிட்டு வா, வேலை இருக்கிறது என்கிறார். எராஸ்மஸ் திட்டத்தில் அவன் பார்சிலோனாவுக்குப் போகிறான். ஒரே வீட்டில் இங்கிலாந்து, ஜெர்மனி, இத்தாலி, டென்மார்க், ஸ்பெயின், பெல்ஜியம் என்று ஆளுக்கொரு நாட்டு மாணவர்கள். தொலைபேசிப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். 'அவர் இல்லை, இரவு வருவார்' என்பதை ஒவ்வொருவர் மொழியிலும் எப்படிச் சொல்வது என்று அதில் எழுதி வைத்திருப்பார்கள். ஒரு வருடக் கதைதான், ஆனால் படத்துக்கு ஒரு நீண்ட கோடை விடுமுறையின் மனநிலை. ஹாஸ்டலில் இருந்த காலத்தில் பார்த்தபோது அந்த வீட்டுக்கே போய்விடலாம் போலிருந்தது.

அதில் ஒரு காட்சி. பொருளாதார வகுப்பு. பேராசிரியர் கேட்டலன் மொழியில் பாடம் நடத்துகிறார். வந்திருக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரு எழவும் புரியவில்லை. பெல்ஜிய மாணவி இசபெல் எழுந்து, காஸ்திலியனில், அதாவது நாம் ஸ்பானிஷ் என்று சொல்லும் மொழியில், நடத்த முடியுமா என்று பணிவாகக் கேட்கிறாள். அவர் முடியாது என்கிறார். இது கேட்டலோனியா, காஸ்திலியன்தான் வேண்டுமென்றால் மாட்ரிட்டுக்கோ தென் அமெரிக்காவுக்கோ போங்கள்.

கூட உட்கார்ந்து பார்த்த நண்பர்கள் சிரித்தார்கள். ஒருவன் மட்டும், "டேய், அந்தாளு சொல்றதுல என்ன தப்பு? அவர் ஊர்ல அவர் மொழியில நடத்துறாரு" என்றான். 1965ஐ வீட்டுப் பெரியவர்கள் வாயால் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது சட்டென்று உறைத்தது. ஃபிராங்கோ ஆட்சியில் பள்ளிக்கூடத்திலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் துரத்தப்பட்ட மொழி அது. ஃபிராங்கோ 1975இல் செத்தார். கேட்டலனைக் கல்வியிலும் நிர்வாகத்திலும் மறுபடி நிலைநிறுத்தும் சட்டம் 1983இல்தான் வந்தது. படத்தில் வரும் பேராசிரியரின் வயதைப் பார்த்தால், அவர் பள்ளியில் படித்த காலத்தில் அந்த மொழியில் ஒரு பாடம்கூட நடந்திருக்காது. அவருடைய பிடிவாதம் அங்கிருந்து வருகிறது.

இந்த வகைக் கதைகளிலேயே அரிதான ஓர் ஆள் அவர். விருந்தாளியைப் பார்த்து 'உனக்குப் புரியாதது உன் பிரச்சினை' என்று சொல்கிறவர். ஆனால் படம் அவரை ஒரு காட்சிக்கு மேல் தாங்கிக்கொள்வதில்லை. அடுத்து மாணவர்கள் தெருவில் அடையாளம் பற்றி விவாதிக்கிறார்கள். காம்பிய வம்சாவளி மாணவன் ஒருவன் தனக்கு இரண்டு அடையாளங்கள் என்கிறான். நல்ல வசனம்தான். அதன் பிறகு எல்லாம் சமாதானம், எல்லாம் கலவை, எல்லாம் பார்ட்டி. கேட்டலன் காணாமல் போகிறது. கடைசியில் சேவியே பாரிஸில் கிடைத்த அரசாங்க வேலையை முதல் நாளே விட்டு ஓடி, எழுத்தாளன் ஆகிறான். பார்சிலோனா அவன் எழுதுவதற்கான பொருளாக ஆகிவிட்டது. படத்தை இன்றும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது திறந்த கதவை அதுவே பயந்து மூடிவிட்டது என்றுதான் சொல்வேன்.

3

பென் லெர்னரின் 'லீவிங் தி அட்டோச்சா ஸ்டேஷன்' (2011) இதைவிடக் கூர்மையான படைப்பு. காரணம், அது தன் கதாநாயகனை நம்புவதில்லை. ஆடம் கோர்டன் என்ற இளம் அமெரிக்கக் கவிஞன் உதவித்தொகையில் மாட்ரிட்டுக்கு வந்திருக்கிறான். ஸ்பானிய உள்நாட்டுப் போரின் இலக்கியப் பாதிப்பு பற்றி நீண்ட கவிதை எழுதப்போவதாகச் சொல்லி வாங்கிய பணம். அந்தப் போரைப் பற்றி அவனுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஸ்பானிஷும் அரைகுறை.

நாவலின் தொடக்கப் பகுதியில் ஒரு விருந்து. இசபெல் என்ற பெண் எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆடமுக்குப் புரியவில்லை, புரிந்த மாதிரி முகத்தில் லேசான புன்னகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவள் சொன்னது துயரமான விஷயம். ஒருவன் வந்து ஆடம் முகத்தில் ஒரு குத்து விடுகிறான். நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். முதல் முறையாக, புரியாமைக்கு ஓர் அடி விழுகிறது.

ஆனால் ஆடம் கெட்டிக்காரன். அடியையும் முதலீடாக்கத் தெரிந்தவன். பிறகு இசபெல் தன் கதையைச் சொல்லும்போது அவனுக்கு அது ஒன்றாகக் கேட்பதில்லை. அவள் இதைச் சொல்கிறாள், அல்லது அதைச் சொல்கிறாள், அல்லது வேறொன்றை. ஒரே நேரத்தில் பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பதுபோல எல்லாச் சாத்தியங்களும் சேர்ந்து கேட்கின்றன. மொழி தெரியாதவன் கேட்கும் விதத்தை இவ்வளவு துல்லியமாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதே சமயம் அவன் பேசும் துண்டுதுணுக்கு ஸ்பானிஷை மற்றவர்கள் ஆழம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 'கவிஞரில்லையா, அளந்துதான் பேசுவார்.' அந்தத் தப்பெண்ணத்தை அவன் வளர்த்துவிடுகிறான். அனுதாபம் கிடைக்கட்டுமே என்று, உயிரோடிருக்கும் அம்மாவைச் செத்துவிட்டதாகப் பொய்யும் சொல்கிறான்.

இதே அரைகுறை மொழியோடு ஒரு மொராக்கோத் தொழிலாளி அதே மாட்ரிட்டில் இருந்தால், அந்த மௌனத்துக்கு ஒரே பெயர் கிடைக்குமா? லெர்னர் இந்தக் கேள்வியை நேராகக் கேட்பதில்லை. ஆனால் கேட்க வைக்கிறார். அதுதான் நாவலின் நேர்மை.

2004 மார்ச் 11. அட்டோச்சா நோக்கி வந்த ரயில்களில் குண்டுகள் வெடிக்கின்றன. 190க்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். ஆடம் இருப்பது அதே நகரம். அவன் கணினியைத் திறந்து நியூயார்க் டைம்ஸ் படிக்கிறான். தலைக்கு மேலே கேட்கும் ஹெலிகாப்டர் சத்தத்தைப் பற்றி அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. மாதக்கணக்கில் ஓர் ஊரில் இருந்தும், அந்த ஊருக்கு நடந்ததை ஊரின் மொழியில் அறிய முடியாதவன். எனக்கு நாவலின் உச்சம் அந்தப் பத்திதான்.

என் குறை ஒன்று உண்டு. கடைசியில் எல்லோரும் அவனை மன்னித்துவிடுகிறார்கள். அவனைச் சுற்றியிருக்கும் ஸ்பானியர்கள் அழகானவர்கள், பணம் இருப்பவர்கள், ஆங்கிலம் தெரிந்தவர்கள், அவன் கவிதையை மொழிபெயர்க்கக் காத்திருப்பவர்கள். அவனுக்கு விழுந்த கடைசி அடி அந்த விருந்தில் விழுந்ததுதான்.

4

இந்தச் சலுகை இல்லாமல் ஸ்பானிஷ் கற்றவர் எப்படியிருப்பார்? 1982 ஜனவரியில் குவாத்தமாலாவைச் சேர்ந்த 23 வயதுப் பெண் ஒருவர் பாரிஸில் எலிசபெத் புர்கோஸ் என்ற மானுடவியலாளரின் வீட்டில் ஒரு வாரம் தங்கினார். ரிகொபெர்த்தா மென்ச்சூ. தாய்மொழி கிச்சே, மாயன் மொழிகளில் ஒன்று. ஸ்பானிஷ் அவருக்குப் பின்னால் வந்தது. அந்த ஒரு வாரமும் அவர் ஸ்பானிஷில் பேசப் பேச, டேப்பில் பதிவானது 1983இல் புத்தகமாயிற்று. 1992இல் அவருக்கு அமைதிக்கான நோபல் கிடைத்தது.

ஒரு வீட்டில் தங்கி, கற்ற மொழியில் தன்னைப் பற்றிச் சொல்லுதல். மேலோட்டமாகப் பார்த்தால் அதே மொழிப் பயணம்தான். ஆனால் இவருடைய அப்பா 1980 ஜனவரி 31 அன்று குவாத்தமாலா நகரில் எரிந்த ஸ்பானியத் தூதரகத்துக்குள் கருகிச் செத்தவர்களில் ஒருவர். அம்மாவும் கொல்லப்பட்டிருந்தார். தன் மக்களைக் கொல்கிற அரசின் மொழியில்தான் அந்தக் கொலையைச் சொல்ல வேண்டும். கிச்சேயில் சொன்னால் பாரிஸில் யார் கேட்பது?

புத்தகத்தின் முன்னுரையில் புர்கோஸ் ஒரு தகவல் தருகிறார். மென்ச்சூவின் பேச்சில் ஆண்பால்-பெண்பால் பிழைகள் இருந்தன. புதிதாக ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கு வருகிற பிழைகள்தான். மேசை பெண், புத்தகம் ஆண் என்று பிரிக்கிற மொழியில் யாருக்குத்தான் வராது? அவற்றை விட்டுவைத்தால் மென்ச்சூ ஒரு வேடிக்கைப் பொருளாகத் தெரிவார் என்று நினைத்து, புர்கோஸ் எல்லாவற்றையும் திருத்திவிட்டார். தன் கேள்விகளையும் எடுத்துவிட்டார்.

இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவர் பயந்ததும் நியாயம்தான் என்று பட்டது. ஆடம் கோர்டனின் பிழை இலக்கியம் ஆகிறது. 'எம்பராசாதா' மாணவியின் பிழை சிரிப்பு ஆகிறது. மென்ச்சூவின் பிழை சாட்சியத்தின் நம்பகத்தைக் குலைத்துவிடும். அதனால் அது இருக்கவே கூடாது.

அந்தப் பயம் வீணில்லை என்பதைப் பின்னால் நடந்தது காட்டியது. 1999இல் டேவிட் ஸ்டோல் என்ற அமெரிக்க மானுடவியலாளர், புத்தகத்தில் பல விஷயங்கள் நடந்தபடி இல்லை என்று ஒரு நூலே எழுதினார். அதில் ஒன்று: பள்ளிக்கே போகாதவர் என்று சொல்லிக்கொண்ட மென்ச்சூ கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் படித்தவர். அங்கே தான் வேலைக்காரியாக இருந்ததாக மென்ச்சூ பின்னால் சொன்னார். ஸ்டோல் சொன்னவற்றை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சாட்சியம் என்றால் தகவலுக்கு மதிப்புண்டு. ஆனால் விவாதத்தின் ஒரு முனை எங்கே போய் நின்றது பாருங்கள்: இந்தப் பெண் ஸ்பானிஷை எப்போது, எங்கே, எவ்வளவு கற்றாள்? ஒரு கோடைக்கால மாணவனிடம் யாராவது இதை விசாரித்ததுண்டா? குவாத்தமாலாவின் 36 வருடப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள் என்று உண்மை ஆணையம் சொன்னதும் அதே 1999தான். அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதம் பேர் மாயன் மக்கள்.

அவருடைய ஸ்பானிஷின் தனிச்சுவை தலைப்பில் மட்டுமாவது தப்பியிருக்கிறது. 'என் பெயர் ரிகொபெர்த்தா மென்ச்சூ, எனக்கு இப்படித்தான் விழிப்பு பிறந்தது' என்று தமிழில் அப்படியே சொல்லிவிடலாம். 'நான் விழிப்படைந்தேன்' என்று இல்லை, எனக்குப் பிறந்தது. நமக்கு 'எனக்குப் பசிக்குது' மாதிரி இயல்பான வாக்கியம். ஆங்கிலப் பதிப்பு 'நான், ரிகொபெர்த்தா மென்ச்சூ' என்று ஆரம்பித்து, 'குவாத்தமாலாவின் ஓர் இந்தியப் பெண்' என்று துணைத்தலைப்பு போட்டது. விழிப்பு போய்விட்டது; அடையாள அட்டை வந்துவிட்டது.

5

ஆன்டிகுவாவில் ஸ்பானிஷ் வகுப்பு பெரும்பாலும் ஒரு ஆசிரியர், ஒரு மாணவர் என்று எதிரெதிரே உட்கார்ந்து நடக்கும். நாளுக்கு நான்கைந்து மணி நேரம். குவாத்தமாலாவில் 22 மாயன் மொழிகள் பேசப்படுகின்றன. ஆன்டிகுவாவைச் சுற்றியுள்ள கிராமங்களின் மொழி கக்சிகேல். அந்த ஊரில் 1970களிலிருந்தே ஒரு மொழி நிறுவனம் வெளிநாட்டவருக்கு ஸ்பானிஷ் கற்றுக்கொடுத்து, அந்த வருமானத்தை மாயன் மொழிகளின் அகராதிக்கும் இலக்கணத்துக்கும் திருப்பிவிட்டது. மாயன் இளைஞர்களுக்கே மொழியியல் கற்பித்தது. தன் ஆறு வாரக் கட்டணத்தில் ஒரு பங்கு எந்த மொழிக்குப் போகிறது என்று எத்தனை மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும்? இதை வைத்து ஒரு நாவலோ படமோ என் கண்ணில் இதுவரை படவில்லை. வந்தால் முதல் ஆளாகப் படிப்பேன்.

அந்த நாவல் எங்கே தொடங்கலாம் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. முதல் வார வகுப்பு, எதிரே ஆசிரியை. 'வீட்டில்', 'பேசு', 'எந்த' என்ற மூன்று சொல் போதும். எல்லாவற்றிலும் பால் பிழையோடு கேட்டாலும் அவருக்குப் புரிந்துவிடும்: "நீங்க வீட்டுல என்ன மொழி பேசுவீங்க?"

அவர் பதில் சொல்லத் தொடங்கினால் அந்த நான்கு மணி நேரமும் போதாது. அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வராது என்றும் நினைக்கிறேன்.