அடுப்படிச் சுவரில் நீலப் பூக்கள்

வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே ஹவுஸ் ஓனரைக் கேட்க வேண்டும். டைல்ஸ் மாற்றுவது நடக்காத காரியம். வினைல் ஒட்டுத்தாளின் அருமை அங்கேதான் தெரிகிறது. கடையில் சுருளை விரித்து, விரலால் தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே தனி சுகம். புடைப்பு வேலைப்பாடு அழகுதான், ஆனால் அதன் பள்ளங்களில் மஞ்சள் தங்கிவிடும். வழவழப்பான தாள் என்றால், தாளிக்கும்போது தெறித்த எண்ணெய் ஈரத்துணிக்கே போய்விடும். வெள்ளையில் பொடிப்பொடியாய் நீலப் பூ போட்டது, இருண்ட சமையலறைக்கும் வெளிச்சம் கூட்டும்.

ஒட்டுவதற்குப் பொறுமை வேண்டும். பிசுக்குப் போகத் துடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பின், அடுப்புத் தீ எட்டாத இடமாகப் பார்த்து, பின்தாளை நாலு விரற்கடை மட்டும் உரிக்க வேண்டும். அது சர்ரென்று பிரியப் பிரிய, மடித்த துணியால் மேலிருந்து கீழே நீவிவந்தால் காற்றுக்குமிழ்கள் ஓரம் தேடி ஓடும். பூவோடு பூ பொருந்தி இணைப்பே தெரியாமல் போனால், ஒட்டிய கைக்கு ஒரு சபாஷ் போடலாம்.