கனவு நாட்டுக்கு ஒரு சிறப்பிதழ்

சிறப்பிதழ் என்றால் ஈழத்து இதழாசிரியர்களுக்குத் தனி உற்சாகம். வழக்கமான இதழுக்கு எழுத்துக் கேட்டு நடையாய் நடக்கிறவரிடம், சிறப்பிதழ் என்றதும் கட்டுரைகள் தாமாக வந்து சேர்கின்றன. 2012இல் ‘ஞானம்’ தன் 150ஆவது இதழை ஈழத்துப் போர் இலக்கியச் சிறப்பிதழாகச் சுமார் 600 பக்கத்தில் கொண்டுவந்தது. நடந்ததைத் தொகுத்து வைப்பதற்கு இந்த முறை எவ்வளவு உதவும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் ‘நாம் விரும்பும் நாடு’, ‘நாளைய வன்னி’ என்று இனி வரவேண்டிய உலகத்தைத் தலைப்பாக்கும்போது அதே முறை சறுக்குகிறது.

கனவுலகை அச்சில் வரைவது நமக்குப் புதிதல்ல. ரொக்கையா பேகத்தின் ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் சென்னையிலிருந்து வந்த பெண்கள் இதழொன்றில்தான் முதலில் வெளியானது. புகையில்லாத சமையலறை, சேமித்த சூரிய வெப்பத்தில் வேகும் சோறு, வீட்டுக்குள் அடைந்திருக்கும் ஆண்கள் என்று அந்த நாட்டின் அன்றாடத்தையே அவர் எழுதினார். பெரியாரின் ‘இனிவரும் உலகம்’ கட்டுரையில் மனிதரின் தொப்பிக்குள் வானொலி இருக்கிறது. 1516இல் தோமஸ் மூரின் கற்பனைத் தீவு வரைபடமும் எழுத்துவரிசையும் சேர்த்தே அச்சில் வந்தது. மூன்றும் நினைவில் நிற்பதற்கு அவற்றின் நுணுக்கமான விவரங்களே காரணம். ‘சமத்துவம் மலரட்டும்’ என்ற வரி எந்த ஊருக்கும் பொருந்தும். அதனால்தான் அது எந்த ஊரிலும் வேர்பிடிப்பதில்லை.

வன்னியில் இதழும் கனவு நாடும் மிக நெருங்கி நின்றது ‘வெளிச்சம்’ காலத்தில். விடுதலைப் புலிகளின் கலை பண்பாட்டுக் கழகம் வெளியிட்ட, கருணாகரன் ஆசிரியராக இருந்த இதழ் அது. யாழ்ப்பாணத்தில் தொடங்கி, 1995 இடப்பெயர்வுக்குப் பின் வன்னியிலிருந்து வந்தது. பொருளாதாரத் தடையால் நாளிதழ்களைக்கூடக் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சடித்த காலத்தைக் கண்ட தலைமுறையின் முயற்சி. தாளும் மையும் இல்லாத நிலத்தில் கவிதையும் கதையும் ஓவியமும் தொடர்ந்து அச்சேறியதே பெரிய காரியம். மலைமகள், தமிழ்க்கவி போன்ற பெண் எழுத்தாளர்கள் வன்னி ஏடுகளின் வழியாகவே பரவலாக அறியப்பட்டார்கள். இடம்பெயர்ந்து கொட்டிலில் இருந்த வாசகருக்குத் தன் வாழ்வும் இலக்கியத்துக்கு உரியது என்ற நம்பிக்கையை அந்த ஏடுகள் கொடுத்தன. இந்தப் பலத்தைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையல்ல.

குறையையும் அதே நேர்மையோடு சொல்லவேண்டும். கனவை வெளியிட்டவர்களே நிலத்தை ஆண்டவர்களாகவும் இருந்தார்கள். அதனால் கனவில் குறை காண்பது ஆட்சியில் குறை காண்பதாகிவிட்டது. தியாகத்துக்குப் பக்கம் கிடைத்தது, தயக்கத்துக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்கொருவர் புலிகளின் படையில் சேருவது கட்டாயம் என்ற நிலை வந்தபோது, பிள்ளையை ஒளித்து வைத்த தாயின் குரல் வன்னியின் அச்சுப் பக்கங்களுக்கு வரவில்லை. இலட்சிய நாடு பற்றிய ஓர் இதழில் அந்தத் தாய்க்கு இடமில்லை என்றால், அது இலட்சியத்தின் விலையை மறைத்துவிட்டது என்றுதான் பொருள்.

இன்று ஆள்பவர்கள் மாறிவிட்டார்கள், இதழின் அமைப்பு மாறவில்லை. நம் விழா மலர்களில் பெரும்பாலானவற்றைப் புரட்டிப் பாருங்கள். அட்டையில் பச்சை வயல், உதிக்கும் சூரியன், சிரிக்கும் பிள்ளைகள். உள்ளே படத்தோடு வாழ்த்துச் செய்திகள். அமைச்சர் முதலில், அதிகாரி அடுத்து, விவசாயி எங்குமே இல்லை. பக்கங்களின் வரிசையே பழைய அதிகார வரிசையாக இருக்கும்போது, உள்ளே புதிய உலகம் எழுதி என்ன பயன்?

வன்னிக்குக் கனவுகள் குறைவல்ல, ஒன்றோடொன்று மோதுகிற கனவுகளே அதிகம். 1902இல் கட்டத் தொடங்கிய இரணைமடுக் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீரைக் குழாய் வழியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். குடிநீர் கேட்ட யாழ்ப்பாணத்து வீட்டுக்காரியின் கோரிக்கை நியாயமானது. சிறுபோகத்துக்கு நீர் போதாதே என்று பயந்த கமக்காரனின் கோரிக்கையும் நியாயமானது. 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கும்வரை இழுபட்ட வழக்கு இது.

காந்தீயத்தையும் பாருங்கள். 1977 கலவரத்தில் விரட்டப்பட்ட மலையகத் தமிழருக்கு வவுனியாவில் காணியும் முன்பள்ளியும் கூட்டுப் பண்ணையும் அமைத்த இயக்கம் அது. அதன் முன்னோடிகளான மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் 1983இல் கைதானார்கள். இராஜசுந்தரம் அவ்வாண்டு யூலை 27 வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அரசு அந்தக் கனவை அடித்து நொறுக்கியது உண்மை. அந்த மக்களின் வாரிசுகள் பலரைக் காணி உரிமமில்லாமல் விட்டுவைத்ததிலும், ‘தோட்டக்காட்டார்’ என்று ஒதுக்கியதிலும் நமக்குப் பங்கு இருப்பதும் உண்மை. ‘நாளைய வன்னி’ என்ற இதழ் முதலாவதை மட்டும் எழுதி இரண்டாவதை விடுமானால் அது அரைக்கனவு.

ஆகவே இத்தகைய இதழ் வேண்டாம் என்பது என் முடிவல்ல. அன்றாடச் செய்தி தராத தூரப்பார்வையை, பல குரல்களை ஒரே அட்டைக்குள் வைக்கும் வசதியை அது தருகிறது. ஆனால் கட்டுரை கேட்கும்போதே மறுப்பையும் கேட்கவேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களில் இரணைமடு விவசாயியும் யாழ்ப்பாணத்து வீட்டுக்காரியும் பேசட்டும். காணி உரிமமில்லாத குடும்பத்தின் கனவு, உரிமம் வழங்கும் அலுவலரின் வாழ்த்துக்கு முன்னால் வரட்டும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில், காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போராட்டம் தொடங்கிய தாய்மாரிடம் ‘உங்கள் நாடு எப்படி இருக்கவேண்டும்’ என்று கேட்டு, அவர்கள் சொன்னதைத் திருத்தாமல் அச்சிடட்டும்.

கனவு இதழ் செய்ய இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கிய பக்கங்களை இம்முறை மறுப்பவர்களுக்குக் கொடுங்கள்.