பரிசுப் பொருளோ பாவையர்?

கிரேக்கப் பெருங்கவி ஓமரின் 'இலியத்' வீர காவியம் என்பர். எவர் கண்ணீரில் விளைந்த வீரம் என்று கேட்கிறோம் நாம்.

பிரிசெயிசின் கணவனைக் கொன்றவன் அக்கிலீசு. உடன்பிறந்தார் மூவரும் அன்றே மாண்டனர். அவளோ, கொன்றவனுக்கே போர்ப் பரிசானாள்! அவளை அகமெம்னான் பறித்ததால் எழுந்த சினமே காவியத்தின் கரு. அவள் மானம் போனதற்கன்று அச்சினம். தன் மதிப்புக் குறைந்ததற்கு!

23ஆம் காண்டத்தில் மற்போர். வெல்வோனுக்கு 12 எருது விலைபெறும் முக்காலிக் கொப்பரை. தோற்போனுக்கு ஒரு பெண். பல தொழில் வல்ல அவளுக்கு மதிப்பு, 4 எருது! அந்தோ, கொப்பரையில் மூன்றில் ஒரு பங்கு!

எனினும் கவிஞரின் நெஞ்சு கல்லன்று. 19ஆம் காண்டத்தில் பத்ரோக்ளசின் உடல்மீது விழுந்து பிரிசெயிசு புலம்புகிறாள். உடனழுத அடிமைப் பெண்களோ, அவனைச் சாக்கிட்டுத் தத்தம் துயருக்கே அழுதனர் என்கிறார் ஓமர். வாளோசையை வியப்போரே, அந்த அழுகுரலையும் கேளுங்கள்! காவியத்தின் மனச்சான்று அங்கேதான் பேசுகிறது.