தீவன மூட்டைச் சீட்டில் எழுதாத வரிகள்

கறிக்கோழித் தீவன மூட்டையின் வாயோடு சேர்த்து ஒரு சீட்டு தைத்திருப்பார்கள். ஈரப்பதம் அதிகபட்சம் இவ்வளவு, கச்சாப் புரதம் குறைந்தபட்சம் இவ்வளவு, அப்புறம் கச்சாக் கொழுப்பு, கச்சா நார், அமிலத்தில் கரையாத சாம்பல். அஞ்சாறு வரிதான். காரைக்காலில் தீவனக் கடையானாலும் சரி, திருநள்ளாறு பக்கத்துப் பண்ணைக் கொட்டகையானாலும் சரி, பேச்சு கடைசியில் இரண்டாவது வரியில் வந்து நிற்கும். "புரோட்டீன் எத்தனை?" எண் கூடினால் நல்ல தீவனம், குறைந்தால் மட்டம். அவ்வளவுதான் தீர்ப்பு.

இந்தச் சீட்டை ஒரு நூலைப் படிப்பதுபோல வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். நான் கோழி வளர்ப்பவன் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் எதை அளக்கிறோம், எதை அளந்ததாகச் சொல்லிக்கொள்கிறோம் என்கிற சிக்கல் எங்கள் தொழிலிலும் தினமும் வருவதுதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சீட்டு பண்ணைக்காரருக்காக எழுதப்பட்டதில்லை. ஆய்வகத்தில் எதை அளப்பது சுலபமோ அதுதான் இதில் இருக்கிறது.

முதலில் புரதம். சீட்டில் இருப்பது புரதமே இல்லை, நைட்ரஜன். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். பொருளைக் கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்து அதிலுள்ள நைட்ரஜனை அளக்கும் முறை. புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால், வந்த எண்ணை 6.25ஆல் பெருக்கினால் "கச்சாப் புரதம்". பீர் ஆலைத் தானியத்துக்குப் பிறந்த கணக்கு. அந்த வேலைக்கு அருமையான கணக்கும்கூட.

கோழிக்கு வரும்போதுதான் கோளாறு. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 6.25ஆல் பெருக்கினால் "287 சதவீதம் புரதம்" என்று வரும்! நூறு கிலோ தீவனத்தில் ஒரே ஒரு கிலோ யூரியா கலந்தால் சீட்டு எண் இரண்டரைப் புள்ளிக்கு மேல் ஏறிவிடும். மாடாவது இரைப்பை நுண்ணுயிர்களை வைத்து யூரியாவிலிருந்து கொஞ்சம் புரதம் செய்துகொள்ளும். கோழிக்கு அந்த வசதி கிடையாது. மெலமின் இன்னும் மோசம், அதில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். 2008இல் சீனத்துக் குழந்தைப் பால் பவுடரில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே ஆண்டு அக்டோபரில் ஹாங்காங்கில் சீனக் கோழிமுட்டையிலும் மெலமின் அகப்பட்டது, தீவனம் வழியாக. அளவுகோல் நைட்ரஜனைத்தான் கேட்கிறது என்று தெரிந்தவன் நைட்ரஜனைக் கொடுத்தான்.

கலப்படத்தை விடுங்கள். யாரும் ஏமாற்றாமலே இந்த எண் ஏமாற்றும். சோயா புண்ணாக்கை எடுத்துக்கொள்வோம். பச்சை சோயாவில் ட்ரிப்சின் தடுப்பான் உண்டு, அது கோழியின் செரிமான நொதியையே கட்டிப்போடும். அதனால் சூடாக்கி வேகவைக்க வேண்டும். கூடுதலாக வெந்துவிட்டால் லைசின் சர்க்கரையோடு பிணைந்து கோழிக்குக் கிடைக்காமல் போகும். வேகாத சோயா, பதமாக வெந்தது, கருகியது மூன்றையும் கெல்டால் குடுவையில் போட்டால் கிட்டத்தட்ட ஒரே எண்தான் வரும். சோறு அரைவேக்காடா, பதமா, அடிப்பிடித்ததா என்று பார்க்காமல் உலையில் போட்ட அரிசியை மட்டும் எடை போடுகிற மாதிரி.

கோழிக்கு வேண்டியது புரதம் என்ற மொத்தச் சரக்கு இல்லை, குறிப்பிட்ட அமினோ அமிலங்கள். மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்த தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாவது மெத்தியோனின், அடுத்து லைசின். இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் ஐ.எஸ். 1374, 2007 பதிப்பு, கறிக்கோழிக்கு முன்தொடக்கத் தீவனத்தில் 23, தொடக்கத்தில் 22, முடிவுத் தீவனத்தில் 20 சதவீதம் கச்சாப் புரதம் கேட்கிறது. லைசின், மெத்தியோனின் அளவுகளையும் சொல்கிறது, அது நல்ல விஷயம். ஆனால் அவை மொத்த அளவுகள், செரிக்கும் அளவுகள் இல்லை. கருகிய சோயாவின் லைசினும் அதில் கணிசமாகச் சேர்ந்துவிடும். கோழி இனத்தை விற்கும் கம்பெனிகளின் கையேடுகளோ செரிக்கும் லைசினை அடிப்படையாக வைத்துத்தான் அட்டவணை போடுகின்றன. விஷயம் தெரிந்த இடத்தில் தெரிந்திருக்கிறது, மூட்டைக்கு மட்டும் வந்து சேரவில்லை.

இங்கே என் தொழில் குறுக்கே வருகிறது. தீவனக் கலவை ஒரு நேரியல் நிரலாக்கக் கணக்கு. 1951இல் ஃபிரெடரிக் வா என்ற பொருளாதார அறிஞர் மாட்டுத் தீவனத்துக்கு அதைப் போட்டுக் காட்டினார். விலை குறையணும், நிபந்தனைகள் மீறக்கூடாது, அவ்வளவுதான். வீட்டில் ஒரு சின்ன நிரல் எழுதிப் பார்த்தேன்: மக்காச்சோளம், குருணை, சோயா, கடலைப் புண்ணாக்கு, எத்தனால் ஆலையிலிருந்து வரும் அரிசி வடிகழிவு. நிபந்தனை கச்சாப் புரதம் மட்டும் என்றால் நிரல் வடிகழிவையும் கடலைப் புண்ணாக்கையும் அள்ளிப் போடுகிறது. அரிசி வடிகழிவில் 40 சதவீதத்துக்கு மேல் கச்சாப் புரதம், விலையும் மலிவு. ஆனால் லைசின் குறைவு, உலர்த்தும் சூட்டில் அதிலும் ஒரு பங்கு பாழ். நிபந்தனையைச் செரிக்கும் லைசின் என்று மாற்றினால் சோயாவும் செயற்கை லைசினும் உள்ளே வருகின்றன, கச்சாப் புரதம் தானாகக் கீழே இறங்குகிறது. கணினியைக் குறை சொல்ல முடியாது. கேட்டதைத்தான் கொடுத்தது.

இது வெறும் ஏட்டுக் கவலை இல்லை. 2021இல் சோயா புண்ணாக்கு விலை ஓராண்டுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறி, ஆகஸ்டில் 12 லட்சம் டன் மரபணு மாற்றுச் சோயா புண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. 2022 செப்டம்பரில் குருணை ஏற்றுமதிக்குத் தடை வந்தபோது சொன்ன காரணங்களில் கோழித் தீவனமும் ஒன்று. இந்த மாதிரி காலத்தில் கலவை மாறாமல் இருக்காது. சீட்டு மட்டும் மாறாது.

அடுத்து மாவுச்சத்து. மூட்டையில் கணிசமான பகுதி இதுதான், ஆனால் சீட்டில் இதற்கு வரியே கிடையாது. 1860களில் ஜெர்மனியின் வீண்டே ஆய்வு நிலையத்தில் உருவான முறையில் மாவுச்சத்தை யாரும் அளப்பதில்லை. மற்றதையெல்லாம் நூறிலிருந்து கழித்தால் மிஞ்சுவது. மாவுச்சத்தும் வரும், செரிக்காத நார்ப்பொருளில் ஒரு பகுதியும் வரும். எவ்வளவு வேகத்தில் செரிக்கிறது என்பது இன்னொரு கேள்வி. எல்லா மாவுச்சத்தும் சிறுகுடலின் முன்பகுதியிலேயே கரைந்துவிட்டால், பின்பகுதிக் குடல் சுவர் தன் எரிபொருளுக்கு அமினோ அமிலத்தை எரிக்கும். நெதர்லாந்தில் 2000களின் தொடக்கத்தில் நடந்த சோதனைகளில், மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்து இருந்த தீவனத்தில் கோழியின் மாற்றுத் திறன் மேம்பட்டது. ஆக, புரதக் கணக்கே மாவுச்சத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

நொதி விஷயத்தில் சீட்டைவிட விளம்பரம்தான் பேசும்: "என்சைம் சேர்க்கப்பட்டது". எந்த நொதி? டெல்டாவில் தவிடு மலிவு. ஆனால் தவிட்டிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட்டாகக் கட்டுண்டு கிடக்கிறது, அதை அவிழ்க்கப் போதுமான பைட்டேஸ் கோழியிடம் இல்லை. அதனால் வெளியிலிருந்து சேர்ப்பது நியாயம். ஆனால் நொதியே ஒரு புரதம்தான். குருணைத் தீவனமாக அழுத்தும்போது நீராவியில் 80, 85 டிகிரிக்கு மேல் போனால், பூச்சுப் பாதுகாப்பில்லாத நொதி கணிசமாகச் செத்துப்போகும். ஆகவே "சேர்த்தோம்" என்பது தகவல் இல்லை. அழுத்திய பிறகு கிலோவுக்கு எத்தனை அலகு உயிரோடு இருக்கிறது என்பதுதான் தகவல். (நொதி என்றாலே நன்மை என்றும் இல்லை. பச்சரிசித் தவிட்டின் சொந்த லிபேஸ்தான் அதைச் சில நாளில் காறல் வாடை அடிக்க வைக்கிறது. புழுங்கல் தவிட்டில் நெல் அவித்தபோதே அது அடங்கிவிடும்.)

சரி, இதனால் யாருக்கு நஷ்டம்? ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது, கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. வளர்ப்புக் கூலி எஃப்.சி.ஆர். பார்த்துக் கூடும், குறையும். 5,000 கோழி, தலைக்கு 2 கிலோ எடை என்று வையுங்கள். எஃப்.சி.ஆர். 1.6 என்பது 1.7 ஆனால் 1,000 கிலோ தீவனம் கூடுதல், அதாவது 50 கிலோ மூட்டையில் 20 மூட்டை. அந்த 0.1 பராமரிப்பால் வந்ததா, அந்தத் தடவை வந்த சோயாவின் வேக்காட்டால் வந்ததா? சொல்ல விவசாயியிடம் ஒரே ஆதாரம் அந்தச் சீட்டு. அதில் இரண்டு தடவையும் 20 என்றுதான் இருக்கும்.

இன்னொரு நஷ்டம் தரையில் கிடக்கிறது. உபரி நைட்ரஜனைக் கோழி யூரிக் அமிலமாக வெளியேற்றும், அதற்குத் தண்ணீரும் கூடக் குடிக்கும். கூளம் நனையும், அமோனியா கிளம்பும், கால்பாதம் புண்ணாகும். ஐப்பசி, கார்த்திகையில் நம்ம கடலோர ஈரத்தில் இது எப்படியிருக்கும் என்று பண்ணைக்காரரைக் கேளுங்கள். கச்சாப் புரதத்தை ஒரு புள்ளி குறைத்து, அமினோ அமிலங்களைச் சரிக்கட்டினால் எச்சத்தில் போகும் நைட்ரஜன் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். அதைச் செய்கிற கம்பெனியின் மூட்டையைத்தான் நம் கடைப்பேச்சு "மட்டம்" என்று ஒதுக்கும்!

கெல்டால் முறை மலிவு, எங்கும் செய்யலாம், தவறாமல் அதே எண்ணைத் தரும் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். சீட்டில் நேர்மையான வரியும் ஒன்று உண்டு: அமிலத்தில் கரையாத சாம்பல். தமிழில் சொன்னால் மணல். கடற்கரையில் காயவைத்த பொடிமீன் தீவனத்துக்குப் போகிற ஊரில் அந்த வரி வேண்டியதுதான். ஆனால் சோயாவின் வேக்காட்டைப் பார்க்கும் சோதனைகளும் ஒன்றும் எட்டாதவை இல்லை. யூரியேஸ் சோதனை வேகாததைக் காட்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் புரதம் 70 சதவீதத்துக்குக் கீழே கரைந்தால் கருகிவிட்டது என்று அர்த்தம். பெரிய ஆலைகள் இவற்றை வாங்கும் சரக்குக்குச் செய்துதான் பார்க்கின்றன. அந்த முடிவும் செரிக்கும் லைசின் அளவும் சீட்டில் வர இரண்டு வரி இடம் போதும். இப்போது அந்த இடத்தில் கோழிப் படம் இருக்கிறது.